2027 உலகக் கோப்பைக்கு முன் நம் பந்துவீச்சை எதைக் கொண்டு எடைபோடுவது?

தடப்பள்ளிக்கரை, கோபிச்செட்டிபாளையம்:

அனைவருக்கும் வணக்கம். 2027 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய மூன்று நாடுகளில் நடக்கவிருக்கும் ஒருநாள் உலகக் கோப்பையைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. என் அக்காள் மகன் ஈரோட்டில் கல்லூரியில் படிக்கிறான். 2025 டிசம்பரில் ராய்ப்பூரில் 358 ரன் எடுத்திருந்தும் தென்னாப்பிரிக்காவிடம் 4 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றதையும், அடுத்த மாதமே நியூசிலாந்து இங்கே வந்து தொடரை 2-1 என்று வென்றுகொண்டு போனதையும் முன்னால் வைத்து, இந்திய அணியின் பந்துவீச்சு கெட்டுவிட்டது என்று அவன் தீர்ப்பே எழுதிவிட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் தோன்றவில்லை என்று அவன் திருப்பிக் கேட்டபோது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஐயம் பழைய நினைவுகளிலிருந்து எழுவது. 2003 உலகக் கோப்பையும் தென்னாப்பிரிக்க மண்ணில்தான் நடந்தது. அதற்குச் சற்று முன்பு நியூசிலாந்தில் நாம் ஆடிய ஏழு ஒருநாள் ஆட்டங்களில் ஐந்தில் தோற்றிருந்தோம். இந்த அணி முதல் சுற்றைத் தாண்டாது என்று எங்கள் ஊரில் பேசாதவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கோப்பையில் ஜாகீர் கான் 18, ஸ்ரீநாத் 16, நெஹ்ரா 15 விக்கெட் எடுத்தார்கள். அணி இறுதி ஆட்டம் வரை போனது. வீங்கிய கணுக்காலோடு நெஹ்ரா டர்பனில் இங்கிலாந்துக்கு எதிராக 23 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்த இரவில், வாய்க்கால் ஓரத்து டீக்கடையில் உட்கார இடமின்றி நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

2015இலும் இதே கதைதான். ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்த முத்தரப்புத் தொடரில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணி, அடுத்த மாதம் அதே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த உலகக் கோப்பையில் முதல் ஏழு ஆட்டங்களிலும் எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தது. எழுபதுக்கு எழுபது.

ஆகவே, முந்தைய தொடரில் வென்றோமா தோற்றோமா என்பது போதுமான சான்று இல்லை என்பது வரை எனக்குப் புரிகிறது. அப்படியானால் எதுதான் சான்று? உள்ளூர் ஆடுகளங்களில் எடுத்த விக்கெட்டுகளை எவ்வளவு நம்பலாம்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடன் படித்து, மருமகனிடமும் காட்டுவேன்.

கணக்கேடு, ஈரோடு:

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதி வருகிறேன். தொலைக்காட்சியில் இந்திய அணி ஆடும்போதும் பந்துக்குப் பந்து குறித்துவைப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மஞ்சள் மண்டியில் மூட்டையின் எடையை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை; விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார்கள். ஒரு பந்துவீச்சாளர் தொடரில் மொத்தம் எத்தனை விக்கெட் எடுத்தார் என்பது மூட்டையின் எடை. அந்த விக்கெட்டுகளை எந்த ஓவரில், ஆட்டம் எந்த நிலையில் இருந்தபோது எடுத்தார் என்பதே உள்நிறம்.

2023 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையை 55க்கும், தென்னாப்பிரிக்காவை 83க்கும், இங்கிலாந்தை 129க்கும் சுருட்டினோம். தொடர்ச்சியாகப் பத்து வெற்றிகள். ஷமி ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்ட அணிக்கு இறுதி ஆட்டத்தில் என்ன நேர்ந்தது? ஆஸ்திரேலியா 47 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்திருந்தது. அங்கிருந்து ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேர்த்தார்கள். நான்காவது விக்கெட் விழுந்தபோது ஆஸ்திரேலியாவுக்குத் தேவைப்பட்டது 2 ரன் மட்டுமே. ஜடேஜாவும் குல்தீப்பும் சேர்ந்து வீசிய 20 ஓவர்களில் 99 ரன்தான் போயிற்று. சிக்கனத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு விக்கெட்டும் விழவில்லை.

அந்த இரவு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பழைய பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. 2022 ஜனவரி, பார்ல் மைதானம், தென்னாப்பிரிக்கா 68க்கு 3. அதன் பிறகு பவுமாவும் வான் டெர் டுசனும் 204 ரன் சேர்த்தார்கள், இருவரும் சதம். அந்தத் தொடரை 0-3 என்று இழந்தோம். அதற்குப் பிந்தைய பக்கங்களிலும் இதையே காண்கிறேன். 2025 நவம்பரில் ராஞ்சியில் தென்னாப்பிரிக்கா 11க்கு 3 என்று இருந்தது. முடிவில் 332 வரை வந்து 17 ரன்னில்தான் தோற்றது. 2026 ஜனவரியில் இந்தூரில் நியூசிலாந்து அறுபதைத் தொடும் முன்பே மூன்று விக்கெட்டை இழந்திருந்தது. பிறகு மிட்செலும் பிலிப்ஸும் ஆளுக்கொரு சதம் அடித்து, நான்காம் விக்கெட்டுக்கு இருநூறுக்கும் மேல் சேர்த்துவிட்டுப் போனார்கள்.

எனவே உங்கள் மருமகன் சொல்வது போல் பந்துவீச்சு மொத்தமாகக் கெட்டுவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. புதுப்பந்தில் நமக்குக் குறை எதுவும் இல்லை. மூன்றாவது விக்கெட்டுக்கும் நான்காவது விக்கெட்டுக்கும் இடையில்தான் ஓட்டை இருக்கிறது. பந்து பளபளப்பை இழந்து, ஆடுகளம் அடங்கி, வட்டத்துக்கு வெளியே நான்கு தடுப்பாளர்கள் நிற்கும் அந்த நடு ஓவர்களில் ஒரு கூட்டணியை உடைக்க யார் இருக்கிறார்கள் என்பதே உலகக் கோப்பைக்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி. நான் இப்போது நோட்டில் தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். 11 முதல் 40 வரையிலான ஓவர்களில் மட்டையைத் தாண்டிய பந்து, விளிம்பில் பட்ட பந்து, தவறிய அடி ஆகியவற்றைச் சிவப்பு மையில் குறிக்கிறேன். விக்கெட் விழாவிட்டாலும் அந்தக் கட்டத்தில் சிவப்பு நிறைந்திருந்தால் வீச்சாளர் நல்ல நிலையில் இருக்கிறார் என்று பொருள். விக்கெட் விழுந்தும் சிவப்பு இல்லையென்றால் அது மட்டையாளர் தானாகக் கொடுத்துவிட்டுப் போனது.

உள்ளூர் விக்கெட்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதைவிட நல்ல சான்று நம்மிடம் இருக்கிறது. 2018இல் தென்னாப்பிரிக்காவில் 5-1 என்று வென்றபோது குல்தீப் 17, சாஹல் 16, ஆக இருவர் மட்டும் ஆறு ஆட்டங்களில் 33 விக்கெட் எடுத்தார்கள். மணிக்கட்டால் சுழற்றுபவர்களுக்கு அந்த மண்ணின் எழும்புதல் உதவும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. 2025இல் துபாயில் நான்கு சுழற்பந்து வீச்சாளர்களை இறக்கி சாம்பியன்ஸ் டிராபியை வென்றது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் துபாயின் மெதுவான ஆடுகளத்தில் பெற்ற தேர்ச்சியை ஜோகன்னஸ்பர்குக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

நொய்யல்கரை, திருப்பூர்:

ஈரோட்டு அண்ணனின் கணக்கை மதிக்கிறேன். இருந்தாலும் அவர் முடிவுக்கு வந்த விதத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. நான்கு ஆண்டுகளில் நாம் ஆடிய எத்தனையோ ஆட்டங்களிலிருந்து, மூன்று விக்கெட் விழுந்த பிறகு கூட்டணிகள் நிலைத்து நின்ற நான்கு ஆட்டங்களைப் பொறுக்கி எடுத்து ஓட்டை இருக்கிறது என்கிறார். அந்தக் கூட்டணிகள் பத்து ரன்னில் உடைந்த ஆட்டங்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அவர் குறிப்பிட்ட 55, 83, 129 ஆகிய மூன்றிலும் நடு ஓவர்களில் என்ன நடந்தது? தென்னாப்பிரிக்காவை 83க்கு ஆட்டமிழக்கச் செய்தபோது ஜடேஜா 33 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். நடு வரிசையைத் துடைத்தவர் அவர்தானே?

அடுத்து, பனி ஈரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. நான் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். ஈரம் ஒரு பொருளின் குணத்தை எப்படி மாற்றும் என்பது கையால் தொட்டு அறிந்த விஷயம். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தொடங்கி ராய்ப்பூர் வரை இந்தியா தொடர்ந்து 20 ஒருநாள் ஆட்டங்களில் டாஸ் தோற்றது. டாஸ் வென்ற தென்னாப்பிரிக்கா முதலில் பந்துவீசியதால் ராஞ்சியிலும் ராய்ப்பூரிலும் நம்மவர்கள் இரவில், துணியால் துடைத்துத் துடைத்து வீச வேண்டியிருந்தது. விசாகப்பட்டினத்தில்தான் அன்றைய தலைவர் ராகுல் டாஸ் வென்றார், முதலில் பந்துவீசினோம், தென்னாப்பிரிக்கா 270க்கு ஆட்டமிழந்தது. குல்தீப்புக்கு 4, பிரசித் கிருஷ்ணாவுக்கு 4. ராய்ப்பூர் ஆட்டம் டிசம்பர் 3, விசாகப்பட்டின ஆட்டம் டிசம்பர் 6. மூன்று நாளில் ஒரு பந்துவீச்சுக் கூட்டம் கெட்டுப்போய் மறுபடி தேறிவிடுமா? கைக்குக் கிடைத்த பந்துதான் வேறு; ஒன்று நனைந்தது, ஒன்று உலர்ந்தது. எனவே கோபி அண்ணனின் மருமகன் முன்வைக்கும் ராய்ப்பூர்ச் சான்றை நான் பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டேன்.

ஆனால் இந்தூர்த் தோல்விக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே நாம்தான் முதலில் வீசினோம்.

ஆனைமலைக்காற்று, பொள்ளாச்சி:

இதுவரை எல்லோரும் தாளில் உள்ளதைப் பேசினீர்கள். நான் உடம்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கல்லூரி நாள்களில் வேகப்பந்து வீசியவன். இப்போது இங்கே பையன்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன்.

ஒரு வீச்சாளரின் நிலையை அறிய அவரது முன்கால் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும் என்பது என் அனுபவம். எங்கள் வலைப்பயிற்சியில் கோட்டருகே சுண்ணாம்புத்தூள் தூவி வைப்பேன். பையன் முதல் ஸ்பெல்லில், அதாவது தொடர்ந்து வீசும் முதல் சில ஓவர்களில், ஓடிவரும்போது காலணித் தடம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழும். மூன்றாவது ஸ்பெல்லில் களைப்பு ஏறியதும் தடம் இரண்டு விரல்கடை முன்னால் நகரும். பிறகு பக்கவாட்டில் சாயும். அப்போது வேகம் குறையாமல் இருப்பது போல் தோன்றினாலும், இடுப்பும் முதுகும் ஈடுகொடுக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த நேரத்தில் பந்தை வாங்கி வைத்துவிட்டு அவனை உட்காரச் சொல்வேன். இதே அடையாளம் பெரிய ஆட்டங்களிலும் தெரியும். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் ஃபகர் ஜமான் 3 ரன்னில் இருந்தபோது விக்கெட் கீப்பரிடம் பிடிபட்டார். பும்ரா கோட்டைத் தாண்டியிருந்ததால் நோ-பால். ஃபகர் 114 அடித்தார், பாகிஸ்தான் 338 எடுத்தது. 2003 இறுதியில் ஜாகீர் கானின் முதல் ஓவரில் 15 ரன் போனதற்கும் வைடுகளும் நோ-பால்களுமே பெரும் காரணம். கோப்பைக்கு முந்தைய ஆட்டங்களில் நோ-பால், வைடு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், எத்தனை விக்கெட் விழுந்திருந்தாலும் எனக்குக் கவலை வந்துவிடும்.

பும்ராவை விட்டுவிட்டு இந்தப் பேச்சை நடத்த முடியாது. 2024-25 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஐந்து டெஸ்டுகளில் 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தார். சராசரி 13 சொச்சம். ஒரு மனிதன் அதைவிட நல்ல நிலையில் இருக்க முடியாது. சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் தொடங்கிய சாம்பியன்ஸ் டிராபியில் அவர் இல்லை. 2022 டி20 உலகக் கோப்பைக்கும் முதுகு வலியால்தான் போகவில்லை. அந்த ஆண்டு அரையிறுதியில் இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி 170 அடித்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆகவே 2027 நெருங்கும்போது நான் பும்ரா எத்தனை விக்கெட் எடுத்தார் என்று பார்க்கப் போவதில்லை. முந்தைய ஆறு மாதங்களில் எத்தனை ஓவர் வீசினார், எத்தனை நாள் இடைவெளி கிடைத்தது, இரண்டாவது ஸ்பெல்லுக்குத் திரும்பும்போது முதல் பந்திலேயே முழு வேகம் வருகிறதா என்றுதான் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்று, லெங்த், அதாவது பந்து ஆடுகளத்தில் குத்தும் இடம். இங்கே எங்கள் பையன்கள் கயிற்றுப்பாய் விரித்த ஆடுகளத்தில் ஆடி வளர்கிறவர்கள். பொள்ளாச்சித் தேங்காய் நாரில் பின்னிய பாய். புதிதாக இழுத்துக் கட்டிய அன்று பந்து குத்திய வேகத்தில் நெஞ்சுக்கு எழும். மண் ஆடுகளத்தில் ஸ்டம்பின் தலையில் படும் அதே பந்து பாயில் கீப்பரின் தலைக்கு மேல் போகும். தென்னாப்பிரிக்க மைதானங்களான வாண்டரர்ஸிலும் செஞ்சூரியனிலும் நம் வீச்சாளர்கள் சந்திப்பது ஏறக்குறைய இதே சிக்கல்தான். பந்து எழும்புவதைக் கண்டு மகிழ்ந்து குட்டையாகக் குத்திக்கொண்டே இருந்தால் மட்டையாளர் பின்னால் சாய்ந்து வெட்டிவிடுவார். ஒரு முழம் முன்னால் குத்தி, மட்டையாளரை முன்னே வரவைக்க மனம் வேண்டும். 2023 டிசம்பரில் வாண்டரர்ஸில் அர்ஷ்தீப் 37 ரன்னுக்கு 5 விக்கெட்டும் ஆவேஷ் கான் 27 ரன்னுக்கு 4 விக்கெட்டும் எடுத்து தென்னாப்பிரிக்காவை 116க்கு ஆட்டமிழக்கச் செய்த ஆட்டத்தை மறுபடி பாருங்கள். அர்ஷ்தீப் பந்தை முன்னால் குத்தி உள்ளே திருப்பியதை என் பையன்களுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறேன்.

சேர்வராயன், சேலம்:

பொள்ளாச்சி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2025 ஜூலை முதல் ஒருநாள் ஆட்டத்தில் பந்து விதி மாறிவிட்டது; இந்த உரையாடலில் அதை யாரும் தொடவில்லை. 2011ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து இரு முனைக்கும் தனித்தனிப் புதுப்பந்து கொடுக்கப்பட்டு வந்தது. ஆட்டம் முடியும்போதும் ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் ஆடியிருக்கும். இப்போது 34 ஓவர்கள் வரை இரண்டு பந்துகள். அதன் பிறகு பந்துவீசும் அணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி 16 ஓவர்களை அதைக் கொண்டே வீச வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது 17 ஓவர் ஆடிய பந்து, ஐம்பதாவது ஓவர் முடியும்போது 33 ஓவர் ஆடியிருக்கும். பந்து மெதுவாகும், அடித்தால் முன்போல் பறக்காது, ஒரு பக்கத்தைப் பாதுகாத்து வைத்திருந்தால் ரிவர்ஸ் சுவிங்குக்கும் (பழைய பந்து காற்றில் எதிர்த்திசையில் வளைவது) வாய்ப்புண்டு. ஆகவே 2025 ஜூலைக்கு முன்னால் உள்ள கடைசி ஓவர்க் கணக்குகளை அப்படியே எடுத்துவைத்து 2027ஐ அளக்கக் கூடாது. உலகக் கோப்பையில் இந்த விதி முதன்முறையாக வருவதால் எல்லா அணிகளும் புதிதாகவே கற்றுக்கொண்டிருக்கின்றன.

பழைய பந்தில் யார்க்கர், அதாவது மட்டையாளரின் காலடியில் குத்தும் பந்து, வீசுவது ஒரு தனிக் கலை என்பதை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய நடராஜன், வலைப்பயிற்சி வீச்சாளராக ஆஸ்திரேலியா போய், அந்த ஒரே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அந்தப் பயணம் முடிந்த 2021இலேயே முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். நல்ல நிலை என்பது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

கடைசி ஓவர்களை அளக்க ஒரு மாதிரி வேண்டுமென்றால் 2024 டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஐந்து ஓவர்களை வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, கையில் ஆறு விக்கெட். பும்ரா 4, பாண்டியா 4, பும்ரா 2, அர்ஷ்தீப் 4, பாண்டியா 8. மொத்தம் 22. அதற்குச் சற்று முன்புதான் அக்சரின் ஒரே ஓவரில் 24 ரன் போயிருந்தது. மூன்று பேர் மாறி மாறி வீசியதில் ஒருவர்கூடச் சறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருநாள் ஆட்டத்தில் இந்தச் சுமை 16 ஓவர்களுக்கு நீளும். அதற்கு இரண்டு பேர் போதாது, மூவர் வேண்டும்.

தடப்பள்ளிக்கரை, கோபிச்செட்டிபாளையம்:

எல்லோருக்கும் நன்றி. எழுதியவற்றை அச்செடுத்து மருமகனிடம் கொடுத்தேன். அவன் ராய்ப்பூரை விட்டுக்கொடுத்துவிட்டான்; இந்தூரை விடவில்லை.

ஈரோட்டு ஐயா சொன்ன சிவப்பு மை முறையை நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாகப்பட்டின ஆட்டத்தின் பதிவை வைத்துச் செய்து பார்த்தோம். பிரசித் கிருஷ்ணா முதல் ஸ்பெல்லில் நன்றாக அடி வாங்கினார். அந்தக் கட்டத்தில் சிவப்பே இல்லை, வெறும் நான்கும் ஆறும்தான். இவரை ஏன் அணியில் வைத்திருக்கிறார்கள் என்று இவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு பந்து பழசானதும் திரும்ப வந்து, சதம் அடித்து நின்ற டி காக்கின் ஸ்டம்பைச் சாய்த்ததோடு மொத்தம் நான்கு விக்கெட் எடுத்தார். ஒரே ஆள், ஒரே மாலை, நோட்டில் இரண்டு வேறு மனிதர்களைப் போல இருக்கிறார். அப்போது அவருடைய நிலை என்று எதை எழுதுவது? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. முழுநேர வீச்சாளர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். பகுதிநேரமாக வீசுபவர்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

கணக்கேடு, ஈரோடு:

இரண்டுமே நல்ல கேள்விகள். முதலில் திருப்பூர்த் தம்பிக்கு ஒரு சொல். நான் நான்கு ஆட்டங்களைப் பொறுக்கி எடுத்தேன் என்று அவர் சொன்னது நியாயமே. அதன் பிறகு நோட்டைத் திரும்பப் புரட்டினேன். கூட்டணியை விரைவாக உடைத்த ஆட்டங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஓட்டை என்று நான் எழுதிய சொல் சற்றுக் கடுமை. ஆனால் உடையாமல் போன ஆட்டங்களில் ஒன்று உலகக் கோப்பை இறுதியாக இருந்ததால், அந்தக் கவலையை என்னால் கைவிட முடியவில்லை.

பிரசித் கிருஷ்ணாவைப் பற்றி. நீங்கள் இரண்டு மனிதர்களைக் கண்டது சரியே. அவரைப் புதுப்பந்து வீச்சாளர் என்ற கட்டத்தில் எழுதாமல், பந்து பழசான பிறகு உயரத்திலிருந்து ஓங்கிக் குத்துபவர் என்ற கட்டத்தில் எழுதுங்கள். பெயருக்கு நேராக ஒரே மதிப்பெண் போடும் வழக்கத்தை விட்டு, பெயருக்கு நேராக எந்த ஓவர் என்று எழுதும் வழக்கத்துக்கு மாற வேண்டும். தேர்வாளர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

பகுதிநேர வீச்சாளர்களைப் பொறுத்தவரை, 2011 உலகக் கோப்பையை நாம் வென்றதில் யுவராஜ் சிங் எடுத்த 15 விக்கெட்டுகளுக்குப் பெரிய பங்குண்டு. மொஹாலி அரையிறுதியில் ஜாகீர், நெஹ்ரா, முனாஃப், ஹர்பஜன், யுவராஜ் ஆகிய ஐவரும் ஆளுக்கு இரண்டாகப் பத்து விக்கெட்டையும் பங்கிட்டுக்கொண்டார்கள். அவ்வளவு சமமான பக்கத்தை நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை. 2023இல் புணே ஆட்டத்தில் பாண்டியாவின் கணுக்கால் பிசகிய பிறகு அணி ஐந்து வீச்சாளர்களோடு மட்டுமே ஆடியது. ஷமி உள்ளே வந்ததால் அந்தக் குறை பல வாரங்களாக வெளியே தெரியவில்லை. இறுதி ஆட்டத்தில் ஹெட் நிலைகொண்ட பிறகு, வேறு ஒரு கையைக் கொண்டுவந்து அவருடைய தாளத்தைக் கலைக்கலாம் என்று தலைவர் நினைத்திருந்தாலும் கொடுக்க ஆறாவது ஆள் இல்லை. ஆகவே பாண்டியாவோ வேறு ஆல்ரவுண்டரோ ஒருநாள் ஆட்டத்தில் ஆறு ஓவராவது முழுமையாக வீசுகிறாரா என்பதை நான் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன். டி20இல் வீசும் நான்கு ஓவர்களை இதற்கு ஈடாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் மருமகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். 2023 இறுதியின் பதிவை வைத்து, பதினோராவது ஓவரிலிருந்து நாற்பதாவது ஓவர் வரை மட்டும் சிவப்பு மையில் குறிக்கச் சொல்லுங்கள். அவன் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒத்துவருகிறதா என்று பார்ப்போம். என்னுடையதை அவன் அனுப்பும் வரை சொல்ல மாட்டேன்.